விதைக்கலாமா, பொறுக்கலாமா? மாலி நாட்டின் வானிலைப் பணி



வானொலியில் செய்தி முடிந்ததும் வானிலை அறிக்கை வாசிக்கப்படுகிறது. "பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்று கேட்டதும், கொடியில் துணி காயப் போட்டவர்கள் அதை எடுத்து வைக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் மழைச்சட்டையைக் கையோடு எடுத்துக் கொள்கிறார். விடியற்காலையில் மழை பிடித்துக் கொண்டால் அன்று பால்மரம் வெட்ட முடியாது என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். வெள்ளக் காலத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தால், அறிக்கை தப்பிப் போவதால் நமக்கு வரும் நட்டம் பெரும்பாலும் அவ்வளவுதான். ஒருநாள் கூலி போகலாம், சட்டை நனையலாம்.

ஆனால், ஒரு மழையைத் தவறாகக் கணித்தால் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சாப்பாடே போய்விடக்கூடிய நாடுகளும் உலகத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட நாட்டில் வானிலைத் துறை என்ன வேலை செய்கிறது, எப்படிச் செய்கிறது, அந்த வேலையின் பயன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பவற்றை இன்றைய உரையில் பார்ப்போம். இதற்கு எடுத்துக்காட்டாக மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள மாலி நாட்டை எடுத்துக் கொள்வோம்.

மாலி கடற்கரையே இல்லாத நாடு. பரப்பளவு ஏறத்தாழ 12 இலட்சத்து 40 ஆயிரம் சதுர கிலோமீட்டர். மலேசியாவைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அதன் வடபாதி சகாராப் பாலைவனம். தென்பகுதியில் மரங்களும் வயல்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் வறண்ட புல்வெளிக்குச் 'சாஹெல்' என்று பெயர். சாஹெல் என்ற அரபுச் சொல்லுக்குக் 'கரை' என்று பொருள். பாலைவனத்தை ஒரு மணற்கடலாகக் கண்டவர்கள் அதன் விளிம்பைக் கரை என்று அழைத்தார்கள். நைஜர் என்னும் பேராறு இந்த நாட்டினூடே வளைந்து ஓடுகிறது. தலைநகரமாகிய பமாக்கோ அந்த ஆற்றின் கரையில் இருக்கிறது.

மலேசியாவின் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. எந்த மாதத்திலும் மழையை எதிர்பார்க்கலாம். மாலியின் தென்கோடியில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். நாட்டின் நடுப்பகுதியில் சுமார் 500. வடக்கே திம்புக்து நகரை அடையும்போது 200 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிது. அதுவும் ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்வதில்லை. மே அல்லது ஜூன் மாதத்தில் தொடங்கி, ஆகஸ்டில் உச்சத்தை அடைந்து, செப்டம்பர் அக்டோபரில் நின்றுவிடும். மீதி மாதங்களில் வானம் வெறுமையாக இருக்கும். வடகிழக்கிலிருந்து 'ஹர்மத்தான்' என்னும் உலர்காற்று பாலைவனப் புழுதியைச் சுமந்து கொண்டு வீசும்.

இந்த மழை எங்கிருந்து வருகிறது? தெற்கே கினி வளைகுடா என்ற கடற்பகுதி இருக்கிறது. சூரியன் வடக்கு நோக்கி நகரும் மாதங்களில், அந்தக் கடலிலிருந்து ஈரக்காற்று தென்மேற்குத் திசையிலிருந்து நிலத்துக்குள் நுழைகிறது. அது ஹர்மத்தான் காற்றை மெல்ல மெல்ல வடக்கே தள்ளுகிறது. ஈரக்காற்று எவ்வளவு தூரம் முன்னேறுகிறதோ அவ்வளவு தூரம் மழையும் முன்னேறும். பெரும்பாலான மழை ஒரு விசித்திரமான முறையில் வந்து சேரும். கிழக்கு வானம் செந்நிறமாக மாறும். சுவரைப் போலப் புழுதி எழுந்து வரும். அதன் பின்னாலேயே இடியும் மழையும் வந்து கொட்டும். இந்தப் புயல் வரிசைகள் கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்து செல்பவை. ஓர் ஊரில் வெள்ளமாய்ப் பெய்யும். சில கிலோமீட்டர் தள்ளியுள்ள அடுத்த ஊரில் புழுதியோடு போய்விடும். இந்தச் செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

மாலி விவசாயி முக்கியமாகப் பயிரிடுபவை கம்பு, சோளம், மக்காச்சோளம், நெல், நிலக்கடலை, பருத்தி ஆகியவை. இங்கே சோளம் என்று நான் சொல்வது நாம் சந்தையில் அவித்து வாங்கும் மக்காச்சோளத்தை அன்று. உருண்டையான சிறு மணிகளையுடைய பழைய தானியத்தை. இவற்றுள் பெரும்பகுதி வானம் பார்த்த பயிர்.

இப்போது அந்த விவசாயியின் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். ஜூன் மாதம். போன ஆண்டு அறுவடை செய்த தானியம் குதிரில் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. புது அறுவடைக்கு இன்னும் மூன்று நான்கு மாதங்கள் இருக்கின்றன. விதைக்கென்று எடுத்து வைத்த தானியம் மட்டும் தனியாக இருக்கிறது. ஒருநாள் மாலை நல்ல மழை ஒன்று பெய்கிறது. மண் வாசனை எழுகிறது. மறுநாள் காலையில் விதைத்துவிடலாமா?

விதைத்தபின் மழை தொடர்ந்தால் நல்லது. ஆனால் முதல் மழைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் வானம் காய்ந்து போவதும் உண்டு. அப்படியானால் முளைத்த பயிர் கருகிவிடும். மறுபடியும் விதைக்க விதை வேண்டும். வாங்கப் பணம் வேண்டும். உழைக்க உடம்பில் வலு வேண்டும். சரி, பொறுத்திருந்து இரண்டாவது மழைக்கு விதைக்கலாம் என்றால், அதிலும் ஆபத்து இருக்கிறது. சாஹெல் பகுதியில் மழை தொடங்கும் நாள் ஆண்டுக்கு ஆண்டு வெகுவாக மாறும். ஆனால் மழை முடியும் நாள் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே தாமதமாக விதைத்தவனுக்குப் பயிர்க்காலம் குறைந்து போகிறது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மழை நின்றுவிட்டால் கையில் கிடைப்பது பதர்தான்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். மாலி விவசாயிகளிடமும் இப்படிப்பட்ட அனுபவ அறிவு ஏராளமாக உண்டு. அவர்கள் காலங்காலமாகக் காத்து வந்த பல நாட்டு வகைச் சோளமும் கம்பும் பகற்பொழுதின் நீளத்தை உணர்ந்து பூப்பவை. முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும், மழைக்காலம் முடியும் தறுவாயில் அவை ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்துவிடும். எவ்வளவு பெரிய பாதுகாப்பு, பாருங்கள்! ஆயினும் அந்த அனுபவ அறிவையும் தடுமாற வைத்த ஒரு காலம் வந்தது.

1950களில் சாஹெலில் நல்ல மழை பெய்தது. மாலி 1960-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1968-இல் மழை பொய்க்கத் தொடங்கியது. 1973 வரை அந்த வறட்சி நீடித்தது. ஆறுகள் சுருங்கின. ஆடுமாடுகள் இலட்சக்கணக்கில் செத்தன. மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். மந்தைகளையே நம்பியிருந்த நாடோடிக் குடும்பங்கள் நகரங்களின் ஓரத்தில் வந்து குடிசை போட்டன. 1983, 1984-ஆம் ஆண்டுகளில் மறுபடியும் கடும் வறட்சி. நைஜர் ஆற்றின் நீரோட்டம் பமாக்கோவுக்கு அருகே கூலிகோரோ என்னும் ஊரில் 1907 முதல் அளக்கப்பட்டு வருகிறது. அந்த நீண்ட பதிவில் 1984-ஆம் ஆண்டு மிகவும் மெலிந்த ஆண்டுகளில் ஒன்றாக நிற்கிறது.

இந்த வறட்சிக்கு யார் காரணம்? அந்நாளில் பலர் கைநீட்டியது அந்த ஏழை விவசாயியையும் அவனுடைய ஆட்டையும்தான். 1975-இல் ஜூல் சார்னி என்ற அமெரிக்க வானிலை அறிஞர் ஒரு கருத்தை முன்வைத்தார். மேய்ச்சல் மிகுந்து புல் அழிந்தால், வெறும் மணல் சூரிய ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். அதனால் மேலே காற்று கீழிறங்கி மழை குறையும் என்பது அவர் கருத்து. அறிவுக்குப் பொருத்தமான கருத்துதான். ஆனால் பிற்காலத்தில் கணிப்பொறிகளைக் கொண்டு கடலையும் காற்றையும் சேர்த்து ஆராய்ந்தபோது வேறோர் உண்மை தெரிய வந்தது. 2003-இல் வெளிவந்த ஆய்வும் அதன்பின் வந்தவையும், உலகப் பெருங்கடல்களின் வெப்பநிலை மாறியதே வறட்சிக்கு முதன்மையான காரணம் என்று காட்டின. இந்தியப் பெருங்கடல் சூடேறியதும், அட்லாண்டிக் கடலின் வடபாதிக்கும் தென்பாதிக்கும் இடையே இருந்த வெப்ப வேறுபாடு மாறியதும் மழைப்பட்டையைத் தெற்கே இழுத்துவிட்டன. நிலம் பாழ்பட்டது அந்தத் துன்பத்தைக் கூட்டியிருக்கலாம்; தொடக்கி வைத்தது கடல். கடலையே பார்த்திராத ஆடு மேய்ப்பவர்கள் பல ஆண்டுகளாகச் சுமந்த பழி அது. நீண்ட கால அளவைகளை ஒருவரும் குறித்து வைத்திராவிட்டால் இந்த உண்மை வெளிவந்திருக்காது.

இனி, அளவைகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று பார்ப்போம். எந்த நாட்டு வானிலைத் துறைக்கும் முதல் வேலை கவனித்தல். உலக வானிலை அமைப்பு என்னும் சங்கம் 1950-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் முறையாகத் தொடங்கியது. அதன் தலைமையகம் ஜெனீவாவில் உள்ளது. அதன் விதிப்படி, உலகெங்கும் உள்ள முக்கிய நிலையங்கள் கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு, காலை 6 மணி, நண்பகல், மாலை 6 மணி ஆகிய ஒரே வேளைகளில் காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் திசையும் வேகமும், மேகம், மழை ஆகியவற்றைக் குறிக்கின்றன. மாலியின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தையே காட்டுகிறது. அங்கே ஒருவர் நண்பகலில் வெப்பமானியைப் படிக்கும்போது, நம் ஊரில் ஒருவர் இரவு 8 மணிக்கு அதே வேலையைச் செய்து கொண்டிருப்பார். எல்லா எண்களும் தொலைத்தொடர்புகளின் வழியே நாடுகளுக்கிடையே பரிமாறிக் கொள்ளப்படுகின்றன. வானிலைக்கு எல்லைக் கோடு கிடையாது அல்லவா?

1977-இல் ஐரோப்பியர்கள் 'மெத்தியோசாட்' வரிசையின் முதல் செயற்கைக் கோளை ஏவினார்கள். அந்த வரிசையைச் சேர்ந்த கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஆப்பிரிக்காவுக்கு நேராக நின்று மேகங்களைப் படம் பிடிக்கின்றன. புயல் வரிசை கிழக்கிலிருந்து கிளம்பி வருவதை அதில் பார்க்கலாம். ஆனால் மேகத்தைப் பார்ப்பது வேறு. ஒரு வயலில் எத்தனை மில்லிமீட்டர் விழுந்தது என்று அறிவது வேறு. அதற்கு நிலத்தில் மழைமானி வேண்டும். ஆப்பிரிக்காவிலோ, பரப்பளவுக்குத் தகுந்த எண்ணிக்கையில் நிலையங்கள் இல்லை. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஏற்பட்ட நிலையங்களிற் பல விமான நிலையங்களை ஒட்டி அமைந்தவை. விமானம் இறங்குவதற்கு அவை உதவின. விதை விதைக்கிறவனுக்கு யார் சொல்வது?

வறட்சி இந்தக் கேள்வியை எழுப்பியது. சாஹெல் நாடுகள் 1973-இல் வறட்சியை எதிர்க்க ஒரு கூட்டுக் குழுவை அமைத்தன. அதன் கீழ், அண்டை நாடான நைஜரின் தலைநகர் நியாமேயில் 'அக்ரிமேத்' என்ற மையம் 1974-இல் ஏற்பட்டது. வேளாண்மைக்குரிய வானிலை அறிவைக் கற்பிப்பதும் செய்தி திரட்டுவதும் அதன் வேலை. அதன்பின் 1982-இல், சுவிட்சர்லாந்து அரசின் உதவியுடன் மாலியின் தேசிய வானிலைத் துறை ஒரு புதிய முயற்சியைத் தொடங்கியது. வானிலைச் செய்தியை நேராக விவசாயிக்குக் கொடுத்து, அதைக் கொண்டு அவனே முடிவெடுக்கும்படி செய்தால் என்ன என்பதுதான் அது. ஆப்பிரிக்காவில் இத்தகைய முயற்சிகளுக்கு இது முன்னோடியாயிற்று.

இந்த முயற்சிக்கு மூன்று கால்கள் இருந்தன.

முதலாவது, ஒரு கலந்தாய்வுக் குழு. மழைக்காலத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை அந்தக் குழு கூடும். வானிலை அலுவலர் மட்டும் அதில் உட்காருவதில்லை. வேளாண்மைத் துறையினர், பயிர் ஆராய்ச்சியாளர், பூச்சிநோய்த் தடுப்புத் துறையினர், வானொலியைச் சேர்ந்தவர்கள் எனப் பலரும் உட்காருவர். சென்ற பத்து நாளில் எங்கே எவ்வளவு மழை பெய்தது, பயிர் எந்த நிலையில் இருக்கிறது, எங்கே பூச்சி தோன்றியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அடுத்த பத்து நாளுக்கு என்ன அறிவுரை சொல்வது என்று முடிவு செய்வார்கள்.

இரண்டாவது, வானொலி. நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகுதி. ஆனால் கிராமத்தில் வானொலிப் பெட்டி உண்டு. அறிவுரைகள் பிரெஞ்சு மொழியோடு நில்லாமல் பம்பாரா முதலிய நாட்டு மொழிகளிலும் ஒலிபரப்பாயின. இதைச் செய்வது எளிதன்று. 'காற்றழுத்தத் தாழ்வு' என்பதை அப்படியே மொழிபெயர்த்தால் எந்த விவசாயிக்கும் விளங்காது. "இவ்வளவு மழை பெய்திருந்தால் விதையுங்கள், களையெடுங்கள், இன்று உரம் போடாதீர்கள், நாளை பெருமழை வரலாம், உரத்தை அடித்துக்கொண்டு போய்விடும்" என்று சொன்னால் விளங்கும். வானிலைத் துறை விவசாயியின் பேச்சில் பேசக் கற்றுக் கொண்டது.

மூன்றாவது, மழைமானி. சற்று முன்னால் உங்களை நினைவில் வைத்துக் கொள்ளச் சொன்னேனே, ஓர் ஊரில் பெய்து அடுத்த ஊரில் பொய்க்கும் மழை, அதற்கு இதுதான் மருந்து. பமாக்கோ நகரில் விழுந்த மழையை வைத்துக் கிராமத்தில் விதைக்க முடியாது. ஆகவே விவசாயிகளின் கையிலேயே எளிய மழைமானிகள் கொடுக்கப்பட்டன. முதலில் பமாக்கோவுக்குத் தென்மேற்கே பன்குமானா வட்டாரத்தில் ஒரு சில விவசாயிகளோடு தொடங்கிய இந்த முறை, 2005 வாக்கில் ஏறத்தாழ 2,000 விவசாயிகளிடம் பரவியிருந்தது.

மழைமானியைப் பற்றி மாணவ நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டிலும் பல தோட்டங்களில் ஆபீசுக்கு முன்னால் இது இருக்கும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் என்ன? ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சமதரையில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றி, அது வழிந்தோடாமலும் மண்ணில் இறங்காமலும் நின்றால், அதன் உயரம் ஒரு மில்லிமீட்டர். ஒரு ஹெக்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் தண்ணீர் விழுந்ததாகப் பொருள். "நேற்று நல்ல மழை" என்பது ஒருவர் நினைப்பு. "நேற்று 12 மில்லிமீட்டர்" என்றால் அது கணக்கு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு கூடை விதையின் வேறுபாடு.

மழைமானியோடு ஒரு விதைப்பு நாட்காட்டியும் கொடுக்கப்பட்டது. அந்தந்த வட்டாரத்தின் பல ஆண்டு மழைக்கணக்கை ஆராய்ந்து தயாரித்தது அது. எந்த நாட்களில், எந்தப் பயிரில், எத்தனை நாள் வகையை, குறைந்தது எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தபின் விதைக்கலாம் என்று அதில் இருக்கும். விளங்குவதற்காக ஒரு கணக்கை நாமே வைத்துக் கொள்வோம். ஜூன் மாதத் தொடக்கம். நாட்காட்டி 20 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது. விவசாயி காலையில் மழைமானியைப் பார்க்கிறார். 11 தான் இருக்கிறது. மண் ஈரமாகத் தெரிகிறது, பக்கத்து வயல்காரர் ஏர் பூட்டுகிறார். ஆயினும் இவர் பொறுக்கிறார். நான்கு நாள் கழித்து இன்னொரு மழை. இப்போது போதிய அளவு சேர்ந்துவிட்டது. விதைக்கிறார். மழை ஜூலை வரை தாமதித்தால், 120 நாள் வகையை விட்டுவிட்டு 90 நாள் வகையை எடுக்கிறார். முடிவு அவருடையது. எண் அவருக்குத் துணை.

இதை விவசாயிகள் உடனே நம்பிவிட்டார்களா? இல்லை. அவர்களுடைய நம்பிக்கையைப் பெற, ஒரே விவசாயியின் நிலத்தில் இரண்டு பகுதிகள் ஒதுக்கப்பட்டன. ஒன்றில் வழக்கம்போலப் பயிரிடுவது. மற்றொன்றில் அறிவுரைப்படி பயிரிடுவது. அறுவடையை அவரே அளந்து பார்த்தார். பல பருவங்களில் அறிவுரைப்படி பயிரிட்ட பகுதியில் விளைச்சல் கூடுதலாக இருந்தது. அத்தோடு, அந்த விவசாயி தம் மழையளவை வானிலைத் துறைக்கும் அனுப்பினார். அறிவுரை கேட்பவரே அறிவுரைக்கு வேண்டிய செய்தியைத் தருபவராகவும் ஆனார். வகுப்பறையில் கேள்வி கேட்கிற மாணவனைப் போல, இவரும் அந்தப் பாடத்தில் ஒரு பங்காளி.

1998 முதல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் அறிஞர்கள் ஆண்டுதோறும் கூடிப் பருவ முன்னறிவிப்பு ஒன்றையும் வெளியிட்டு வருகிறார்கள். கடல்களின் வெப்பத்தைப் பார்த்து, வரப்போகும் மழைக்காலம் வழக்கத்தை விடக் கூடுதலா, வழக்கமானதா, குறைவா என்று மூன்று கூறுகளாகச் சொல்வார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. "கூடுதல் மழைக்கு நூற்றுக்கு 45 வாய்ப்பு, வழக்கமான மழைக்கு 35, குறைந்த மழைக்கு 20" என்று அறிவிப்பு வருவதாக வைத்துக் கொள்வோம். கேட்பவர் இதை "மழை நிச்சயம் கூடுதல்" என்று எடுத்துக் கொண்டால் ஏமாந்து போவார். பையில் பத்துக் கோலிகள் இருக்கின்றன. நான்கைந்து நீலம், மூன்று நான்கு வெள்ளை, இரண்டு சிவப்பு. கையை விட்டால் நீலம் வர வாய்ப்பு அதிகம். ஆனாலும் சிவப்பு வரலாம். முன்னறிவிப்பு வாக்குறுதி ஆகாது. ஆகையால் ஒரே வகை விதையை நிலம் முழுவதும் போடாமல் பிரித்துப் போடும் பழைய வழக்கம் இன்றும் அறிவுடைய வழக்கமே.

இதுவரை சொன்னது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் சொல்வதுதான் முறை.

2010களில் இந்தத் திட்டத்தைக் கிராமங்களுக்கே சென்று ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். அறிவுரையை உண்மையில் பயன்படுத்தியவர்களிற் பெரும்பாலோர் ஆண்கள். அதிலும் ஏரும் உழவு மாடும் சொந்தமாக வைத்திருந்த, வயதில் மூத்த குடும்பத் தலைவர்கள். பெண்கள் மிகக் குறைவு. காரணம் என்ன? மாலிக் கிராமங்களில் குடும்பத்தின் பொது வயலில் எப்போது என்ன விதைப்பது என்று முடிவு செய்பவர் குடும்பத் தலைவர். பெண்கள் தங்களுக்கென்று உள்ள சிறு துண்டு நிலங்களில் நிலக்கடலை, காய்கறி முதலியவற்றைப் பயிரிடுகிறார்கள். ஆனால் ஏரும் மாடும் பொது வயலை உழுது முடித்த பிறகுதான் அவர்களுடைய துண்டுக்கு வரும். "இன்று விதையுங்கள்" என்று வானொலி சொல்கிறது. அவளும் கேட்கிறாள். அவள் கையில் ஏர் இல்லை. பத்து நாள் கழித்து ஏர் வரும்போது அந்த அறிவுரை பழசாகிவிடுகிறது. மாடு இல்லாத ஏழை ஆணின் நிலையும் இதுதான்.

நேயர்களே, இது வானிலைக் கணக்கின் பிழை அன்று. எண் சரியாகவே இருந்தது. எண்ணைக் கேட்டுச் செயல்படும் வசதி எல்லாருக்கும் இல்லை. ஒரு பாடத்தைச் சொல்லிவிட்டதனால் எல்லா மாணவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஆசிரியர் எண்ணிவிடக் கூடாது. பின்வரிசையில் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருப்பவனையும் பார்க்க வேண்டும். அதே போல, வானிலைத் துறை தன் அறிவுரையைப் பொது வயலின் பயிருக்கு மட்டும் எழுதாமல், பிந்தி விதைக்கிறவர்களுக்கும், அவர்கள் பயிரிடும் பயிர்களுக்கும் எழுத வேண்டும் என்பது அந்த ஆராய்ச்சி கற்பித்த பாடம்.

இன்னொன்று பணம். சுவிட்சர்லாந்தின் உதவி 2005-இல் முடிந்தது. மழைமானி உடையும், மாற்ற வேண்டும். நாட்காட்டி பழையதாகும், மழையின் போக்கு மாறினால் புதிதாகக் கணக்கிட வேண்டும். அலுவலர் கிராமத்துக்குப் போகப் பெட்ரோல் வேண்டும். ஏழை நாட்டு அரசின் வரவு செலவுத் திட்டத்தில் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பின்னால்தான் மழைமானி நிற்கிறது. 2012-இல் நாட்டின் வடபகுதியில் போரும் மூண்டது. போர் நடக்கும் இடத்துக்குக் கருவியைப் பழுதுபார்க்க யார் போவார்? ஒருநாள் அளவை தவறினால் அந்த நாளை மறுபடியும் அளக்க முடியாது. நூறாண்டுப் பதிவில் அது ஓட்டையாகவே இருக்கும். இத்தனைக்கும் நடுவில், அந்தத் துறை இன்று 'மாலி மெத்தியோ' என்ற பெயரில் தேசிய வானிலை நிறுவனமாக இயங்கி வருகிறது.

அதன் வேலையோ கூடிக்கொண்டே போகிறது. 1990களுக்குப் பின் சாஹெலில் மழை ஓரளவு மீண்டது. ஆனால் மீண்டு வந்த மழை பழைய மழையாக இல்லை. பெய்யும் நாளில் கொட்டித் தீர்க்கும் போக்கு அதிகரித்துள்ளது. 2024-ஆம் ஆண்டு மாலியின் நிலையைப் பாருங்கள். ஏப்ரல் 3-ஆம் நாள், மேற்கே காயஸ் என்னும் நகரில் வெப்பம் 48.5 பாகை செல்சியஸ் வரை ஏறியது. அதே ஆண்டு மழைக்காலத்தில் பெருவெள்ளம். ஆகஸ்ட் மாதத்தில் அரசாங்கம் தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தது. அக்டோபரில் திறக்க வேண்டிய பள்ளிக்கூடங்கள் நவம்பருக்குத் தள்ளிப் போடப்பட்டன. வறட்சிக்காகத் தொடங்கிய பணி, இன்று வெப்பத்துக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்து எச்சரிக்கை செய்ய வேண்டியதாகிவிட்டது. பயிருக்குச் சொன்னது போலவே, எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும், எந்த வேளையில் முதியவர்களை வெயிலில் விடக்கூடாது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முடிவாக ஒன்று. வானிலைத் துறை என்றால் பெரிய கணிப்பொறியும் செயற்கைக் கோளும்தான் என்று நாம் நினைக்கிறோம். அவை வேண்டும்; மறுக்கவில்லை. ஆனால் மாலி நாடு காட்டும் உண்மை, வானிலைப் பணி என்பது ஒரு நீண்ட சங்கிலி. கடலின் வெப்பத்தை அளப்பவர் ஒரு முனையில் இருக்கிறார். பத்து நாளைக்கு ஒருமுறை கூடிப் பேசுகிறவர்கள் நடுவில் இருக்கிறார்கள். பம்பாரா மொழியில் வானொலியில் வாசிப்பவர் அடுத்து நிற்கிறார். மறுமுனையில், விதைக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மழைமானியில் கோடு பார்க்கும் விவசாயி இருக்கிறார். அவருக்கும் அப்பால், ஏர் எப்போது வரும் என்று காத்திருக்கும் அந்தப் பெண்ணும் இருக்கிறாள். சங்கிலி அவள் வரைக்கும் நீண்டால்தான் அந்தப் பணி முழுமை பெறும்.

மாணவர்களே, மார்ச் 23-ஆம் நாள் உலக வானிலை நாள். அதற்குள் உங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானியை வைத்து, தினமும் காலை 8 மணிக்கு அளவைப் படித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதப் பழகுங்கள். மழை இல்லாத நாளில் சுழியம் என்று எழுத மறக்காதீர்கள். எழுதாமல் விட்ட நாளும் மழை பெய்யாத நாளும் ஒன்றல்ல. கூலிகோரோவில் ஆற்றை அளந்து எழுதி வைத்தவர்களுக்கு, பிற்காலத்தில் அந்த எண்கள் எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்காது. தெரியாமலே அவர்கள் எழுதி வைத்தது இன்று நமக்கு உதவுகிறது.